குழலின் முறுக்கும் குண்டின் நீளமும்: ஒரு பழைய என்ஃபீல்டை அளந்த பதிவு

வாய் வழியாக மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு பொருந்தும் என்று கேட்டால், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் உரிமம் வைத்திருக்கும் பெரியவர்கள் எடையைச் சொல்லித்தான் பதில் தருவார்கள். இத்தனை கிராம் குண்டு நேராகப் போகும், அதற்கு மேல் கனத்தால் போகாது என்பது அவர்கள் கணக்கு. உள்ளே பள்ளம் வெட்டப்படாத வழவழப்பான குழலுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரி. சுரிகுழலுக்கு, அதாவது உட்சுவரில் திருகாக ஓடும் பள்ளங்கள் வெட்டப்பட்ட குழலுக்கு, முதலில் கேட்க வேண்டியது குண்டின் நீளத்தைத்தான். எவ்வளவு நீளமான குண்டைத் தலைகுப்புறக் கவிழாமல் அனுப்ப முடியும் என்பதைக் குழலின் முறுக்கு முடிவு செய்கிறது. அந்த முறுக்கை வீட்டிலேயே அளந்துவிடலாம். என் தாய்மாமனின் துப்பாக்கியை அளந்து, நான்கு வகைக் குண்டுகளை அதில் சோதித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் துப்பாக்கி தாத்தா காலத்திலிருந்து உரிமத்தோடு வருவது. இப்போது மாமாவின் பெயரில் இருக்கிறது. சுட்டவரும் அவர்தான், சுட்ட இடமும் அனுமதி பெற்ற சுடுதளம். அளப்பதும் எழுதிவைப்பதும் மட்டுமே என் வேலை. கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளால் எத்தனை வழக்குகள், எத்தனை உயிரிழப்புகள் என்பதை இங்கு வாழ்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவற்றின் குழல்கள் எந்தச் சோதனைக்கும் உட்படாதவை. அவற்றுக்கும் இந்தப் பதிவுக்கும் தொடர்பே இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இந்தத் துப்பாக்கிக்கு உரிய குறி காகித அட்டை ஒன்றுதான்.

துப்பாக்கி 1853 மாதிரி என்ஃபீல்டு. குழலைக் கட்டையோடு பிணைக்கும் மூன்று வளையங்கள், 39 அங்குலக் குழல், பூட்டுத் தகட்டில் கிரீடமும் ‘டவர்’ என்ற எழுத்தும். இவற்றை மட்டும் பார்த்துச் சுரிகுழல் என்று முடிவு செய்துவிடக் கூடாது. 1857-இன் கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களின் கையில் நெடுந்தூரம் குறி தவறாத துப்பாக்கி இருக்கக் கூடாது என்று கருதிய ஆங்கில அரசு, வெளித்தோற்றத்தில் என்ஃபீல்டைப் போலவே இருக்கும், ஆனால் உள்ளே பள்ளம் இல்லாத துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. ஆகவே சிறு டார்ச் விளக்கை வாய்ப்பக்கம் சாய்த்துப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். மாமாவின் குழலில் அகலமான மூன்று பள்ளங்களும், அவற்றுக்கு நடுவே அதே அளவு அகலமான மூன்று மேடுகளும் மெல்லச் சாய்ந்து உள்நோக்கி ஓடுவது தெரிந்தது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குழல் காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது. குண்டைத் திணிக்கும் கம்பியை வாய் வழியே அடிவரை இறக்கி, வாயின் விளிம்பு நிற்கும் இடத்தில் கம்பியின் மேல் ஒரு கோடு போட வேண்டும். பிறகு அதே கம்பியைக் குழலுக்கு வெளியே, கோடு வாயோடு பொருந்தும்படி வைத்துப் பார்த்தால், கம்பியின் நுனி கேப்பு (சுத்தியல் அடித்ததும் தீப்பொறி எழுப்பும் சிறு குப்பி) மாட்டும் முளையின் அடிப்பகுதிக்கு நேரே வந்து நிற்க வேண்டும். அங்கே எட்டாமல் ஓரிரு அங்குலம் முன்னதாகவே நின்றால், உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கலாம் என்றுதான் கொள்ள வேண்டும். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போவதைத் தவிர வேறு எதையும் செய்யக் கூடாது. பரணில் பல காலம் கிடந்த துப்பாக்கிகளில் மருந்து அப்படியே தங்கியிருப்பது அரிதல்ல. கருமருந்து நனையாமல் இருந்தால் எத்தனை ஆண்டானாலும் வீரியம் இழப்பதில்லை. மாமாவின் குழல் காலியாக இருந்தது. குழலின் அடிப்பகுதியையும் முளையையும் உரிமம் பெற்ற ஒருவர் ஏற்கெனவே சோதித்து, தேய்ந்த முளையை மாற்றிக் கொடுத்திருந்தார்.

ஓசூரில் டூல் ரூமில், அதாவது தொழிற்சாலைக்கான கருவிகளைச் செய்யும் பிரிவில், வேலை பார்த்தவன் என்பதால் முறுக்கு என்பது எனக்குப் புதிய செய்தி இல்லை. கடைசல் இயந்திரத்தில் மரை வெட்டும்போது ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் முன்னேற வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறோமே, அதே கணக்குத்தான் இது. மரையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் ஒரு சுற்று முடிந்துவிடும். துப்பாக்கிக் குழலில் ஒரு சுற்று முடிய அடிக்கணக்கில் போக வேண்டியிருக்கும். 48 அங்குலத்தில் ஒரு சுற்று முடிந்தால் அதை ஒன்றுக்கு 48 என்பார்கள். எண் பெருகப் பெருக முறுக்கு தளர்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

1853 மாதிரிக்கு ஒன்றுக்கு 78 என்பது பதிவான அளவு. 39 அங்குலக் குழலுக்குள் குண்டு சரியாக அரைச் சுற்று மட்டுமே சுற்றுகிறது. ஆனாலும் நம் கையில் இருக்கும் துப்பாக்கியின் அளவு அதுதானா என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளில் குழலை வெட்டிச் சுருக்கியிருக்கலாம், வேறு குழலை மாற்றியிருக்கலாம், உள்ளே மறுபடி பள்ளம் வெட்டியிருக்கலாம்.

அளந்த விதம் இதுதான். கைப்பிடிக்குள் பேரிங் வைத்த துடைப்புக் கம்பி ஒன்று வேண்டும். கைப்பிடி அசையாமல் நிற்கும்போதும் கம்பி தானாகச் சுழல வேண்டும் என்பதற்காகவே பேரிங். கம்பியின் நுனியில் தடித்த பருத்தித் துணியைச் சுற்றி, எண்ணெய் தோய்த்து, சற்றே பலம் கொடுத்தால்தான் உள்ளே போகும் என்ற அளவுக்கு இறுக்கினேன். துணி தளர்ந்திருந்தால் மேட்டின் மேல் வழுக்கிக்கொண்டு நேராக வந்துவிடும். அப்போது முறுக்கு உண்மையில் இருப்பதைவிடத் தளர்ந்ததாகக் காட்டும். குழலை மரத்தாடை வைத்த வைஸில் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, பழைய டிவைடிங் ஹெட்டிலிருந்து (வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரிக்க உதவும் கருவி) கழற்றிய டிகிரித் தகட்டை வாய்க்கு முன்னால் நிறுத்தி, அதன் நடுவே கம்பி வரும்படி அமைத்தேன். கம்பியில் மெல்லிய செப்புக் கம்பியால் ஒரு முள் கட்டினேன்.

உள்ளே தள்ளும்போது அளக்கக் கூடாது. வெளியே இழுக்கும்போது அளப்பதே நல்லது. தள்ளும்போது கம்பி வளைந்து சுவரில் உரசும்; இழுக்கும்போது நேராக விறைத்து நிற்கும். அடிவரை இறக்கிய பின் முதல் இரண்டு மூன்று அங்குலத்தைக் கணக்கில் சேர்க்காமல், துணி பள்ளங்களில் நன்றாக அமர்ந்த பிறகு முள்ளைச் சுழியில் வைத்து, சரியாக 24 அங்குலம் இழுத்து நிறுத்தினேன். முள் 111 டிகிரியைக் காட்டியது. துணியை மாற்றி மறுபடி இழுத்தபோது 109, பிறகு 112. 24-ஐ 360-ஆல் பெருக்கி 111-ஆல் வகுத்தால் 77.8 வருகிறது, மற்ற இரண்டும் 79.3, 77.1 என்று வருகின்றன. இவ்வளவு தளர்ந்த முறுக்கில் ஒரு டிகிரி பிசகினாலே விடை முக்கால் அங்குலம் நகர்ந்துவிடும் என்பதால், இதற்கு மேல் துல்லியம் தேடுவதில் பயன் இல்லை. ஒன்றுக்கு 78 என்பது உறுதியாயிற்று.

உள்விட்டத்தை அளப்பது எளிதாக முடிந்தது. பின் கேஜ் செட்டிலிருந்து (துல்லியமான விட்டம் கொண்ட எஃகு உருளைகளின் தொகுப்பு) 14.68 மில்லிமீட்டர் பின் வாயில் வழுவழுவென்று இறங்கியது, 14.70 இறங்கவில்லை. மூன்று மேடுகளையும் பின் ஒரே நேரத்தில் தொடுவதால் இந்த அளவை நம்பலாம். அங்குலத்தில் இது 0.578, 0.577 என்ற பெயரளவுக்கு ஒட்டியே இருக்கிறது. கம்பி உரசி வாய் தேய்ந்திருக்குமோ என்று பயந்திருந்தேன், அவ்வளவாகத் தேயவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். நீண்ட குண்டு காற்றில் பறக்கும்போது, காற்றின் அழுத்தம் அதன் எடைமையத்துக்கு முன்னால் விழுந்து மூக்கைத் தூக்கிக் கவிழ்க்கப் பார்க்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழற்சிதான் அதைத் தடுக்கிறது. குண்டு நீளமாக ஆகக் கவிழ்க்கும் விசையின் பிடிமானமும், அதாவது விசை விழும் இடத்துக்கும் எடைமையத்துக்கும் உள்ள தூரமும், நீள்கிறது. ஆகவே சுழற்சியும் கூட வேண்டும். உருண்டைக் குண்டுக்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை. வார்ப்பில் உள்ளே தங்கிய காற்றுக் குமிழியோ, ஒருபக்கக் கனமோ அதைத் தொடர்ந்து ஒரே பக்கம் இழுத்துப் போகாமல் சுழற்சி சமன் செய்தால் போதும். அதற்கு மிகத் தளர்ந்த முறுக்கே தாங்கும்.

இதைச் சூத்திரமாகத் தந்தவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் கிரீன்ஹில், ஆண்டு 1879. குழலின் முறுக்கையும் குண்டின் நீளத்தையும் அங்குலத்தில் சொல்லாமல் குண்டின் விட்டத்தின் மடங்காகச் சொன்னால், இரண்டையும் பெருக்கி வரும் எண் 150-ஐத் தாண்டக் கூடாது. ஈயக் குண்டுக்கு இது பொருந்தும். மாமாவின் துப்பாக்கியில் 78 அங்குலம் என்பது விட்டத்தைப் போல் 135 மடங்கு. 150-ஐ 135-ஆல் வகுத்தால் 1.11. அதாவது விட்டத்தைவிட ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே நீளமான குண்டு, மில்லிமீட்டரில் 16-க்குச் சற்று மேல். கிட்டத்தட்ட உருண்டைதான்!

இங்கேதான் எனக்குச் சுவை கூடியது. இந்தத் துப்பாக்கிக்கென்றே செய்யப்பட்ட பிரிட்சட் குண்டு ஓர் அங்குலத்துக்கும் சற்று அதிக நீளம், 530 கிரெய்ன், அதாவது 34 கிராமுக்குச் சற்று மேல். விட்டத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம். கிரீன்ஹில் கணக்குப்படி அது கவிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் குண்டைக் கொண்டுதான் பல நூறு கெஜம் தள்ளி இருந்த குறிகளைச் சுட்டார்கள். விடை குண்டின் அடியில் இருக்கிறது. அதன் அடிப்பக்கம் குடைந்திருக்கும். குடைந்த பக்கம் எடை குறைவதால் எடைமையம் மூக்கை நோக்கி நகர்கிறது. கவிழ்க்கும் விசையின் பிடிமானம் அந்த அளவுக்குக் குறுகிவிடுகிறது. கிரீன்ஹிலின் எண் உள்ளே கெட்டியான, சீரான குண்டை மனத்தில் வைத்தது, அதிலும் தாராளமாக இடம் விட்டுச் சொன்னது. ஆகவே அதை எல்லைச் சுவராகக் கொள்ளாமல், அதற்குள் இருந்தால் கவலை இல்லை, தாண்டினால் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது என்று பொருள் கொள்வதே சரி என்பது என் கருத்து. என்ஃபீல்டே பிறகு வந்த ஐந்து பள்ளக் குறுந்துப்பாக்கிகளில் முறுக்கை ஒன்றுக்கு 48 என்று இறுக்கியது. 78 அந்தக் குண்டுக்கு விளிம்பில் நின்ற அளவுதான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மறுமுனையில் நிற்பது ஜோசப் விட்வொர்த்தின் துப்பாக்கி. ஓசூரில் லேத்தில் நிற்கும் எந்தத் தொழிலாளிக்கும் விட்வொர்த் என்றால் 55 டிகிரி மரைதான் நினைவுக்கு வரும். 1841-இல் மரைக்கு ஒரே அளவு வேண்டும் என்று முன்மொழிந்தவரும், அறுகோணக் குழல் கொண்ட துப்பாக்கியைச் செய்தவரும் ஒரே ஆள்தான். அவருடைய குழலின் விட்டம் 0.451 அங்குலம், முறுக்கு ஒன்றுக்கு 20. எடை என்ஃபீல்டின் அதே 530 கிரெய்ன், ஆனால் ஒல்லியாகவும் நீளமாகவும், விட்டத்தைப் போல் மூன்று மடங்கு அளவில். கிரீன்ஹில் கணக்கில் அந்தக் குழல் விட்டத்தின் மூன்றே கால் மடங்குக்கு மேல் தாங்கும். நொடிக்கு 900 அடி வேகம் என்று வைத்துக்கொண்டால், என்ஃபீல்டுக் குண்டு நொடிக்கு 138 சுற்று சுற்றும். அதே வேகத்தில் விட்வொர்த் குண்டு 540 சுற்று. எடை ஒன்று, தேவைப்படும் முறுக்கு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. எடையை மட்டும் வைத்துக் குண்டு தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு மாமாவிடம் நான் காட்டிய கணக்கு இதுவே.

“அப்ப முறுக்கைக் கூட்டிட்டா எல்லாக் குண்டுக்கும் ஆச்சே மாப்ளே” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. மத்திய இந்தியாவில் இருந்த ஜேம்ஸ் ஃபோர்சைத் என்ற ராணுவ அதிகாரி 1863-இல் இதற்குப் பதில் எழுதிவைத்திருக்கிறார். உருண்டைக் குண்டை இறுக்கமான முறுக்குள்ள குழலில் நிறைய மருந்து வைத்துச் சுட்டால், குண்டு பள்ளத்தின் வழியே திரும்பாமல் மேடுகளைச் சிராய்த்துக்கொண்டு நேராக ஓடிவிடும். ஆகவே உருண்டைக்கு நூறு அங்குலத்துக்கு மேல் ஒரு சுற்று என்ற அளவில் மிகத் தளர்ந்த முறுக்கே ஏற்றது என்பது அவர் வாதம். இன்றும் உருண்டைக்கென்றே செய்யப்படும் அரை அங்குலக் குழல்களில் ஒன்றுக்கு 66, 70 என்றும், நீண்ட குண்டுக்கென்று செய்யப்படுபவற்றில் ஒன்றுக்கு 28 என்றும் முறுக்கு வைப்பது இதே காரணத்தால்தான். ஒன்றுக்கு 48 இரண்டுக்கும் நடுவே நிற்கும் சமரசம்.

நடுவே தேர்தல் அறிவிப்பு வந்ததால் துப்பாக்கி காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அந்த இடைவெளியில் ஈயத்தையும் குண்டுகளையும் கவனித்தேன்.

ஈயம் மென்மையாக இருக்க வேண்டும் என்பது இந்தத் துப்பாக்கியில் விருப்பம் சார்ந்த விஷயம் அல்ல. அடி குடைந்த குண்டு குழலைவிடச் சற்றே சிறிதாக இருப்பதால்தான் தடையின்றி இறங்குகிறது. மருந்து வெடிக்கும்போது குடைவைச் சுற்றியுள்ள மெல்லிய பாவாடைப் பகுதி விரிந்து பள்ளங்களில் புகுந்து பற்றிக்கொள்கிறது. பிரெஞ்சு அதிகாரி மினியே 1849-இல் செய்த குண்டு இந்த வழியில்தான் வேலை செய்தது. அதற்கும் முன்பே, 1820-களில், தென்னிந்தியாவில் இருந்த நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, இங்கிருந்தவர்களின் ஊதுகுழல் அம்பின் அடியில் இருந்த மென்மையான நெட்டி ஊதும்போது விரிந்து குழலை அடைப்பதைப் பார்த்து அதே யோசனையை அடைந்தார் என்று துப்பாக்கி வரலாறு எழுதுபவர்கள் சொல்வதுண்டு. நம் ஊர்ப்பக்கத்து ஊதுகுழலுக்கும் இந்த என்ஃபீல்டுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

கார் சக்கரத்தில் பேலன்ஸ் பார்க்க விளிம்பில் கிளிப்பால் மாட்டும் ஈயத்தில் ஆன்டிமனி கலந்திருப்பதால் கடினமாக இருக்கும், பாவாடை விரியாது. பேட்டரி ஈயத்தை உருக்கவே கூடாது, அதன் புகை நஞ்சு. கிருஷ்ணகிரி அணையில் மீன் பிடிப்பவர்கள் வலைக்குக் கட்டும் ஈய மணிகள் பெரும்பாலும் மென்மையானவை. ஒப்பிடுவதற்காக இரண்டு வகையிலும் வார்த்துக்கொண்டோம். நகத்தால் அழுத்திக் கீறினால் வலை ஈயத்தில் தெளிவான பள்ளம் விழுகிறது. சக்கர ஈயத்தில் நகம் வழுக்குகிறது. வார்ப்பு திறந்தவெளியில், காற்று வீசும் பக்கம் முதுகு காட்டி, துளி ஈரமும் இல்லாத இடத்தில்தான். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அது தெறித்து முகத்தை எரிக்கும்.

சோதித்த குண்டுகள் நான்கு. முதலாவது உருண்டை, 14.5 மில்லிமீட்டர், 18 கிராம், அதைச் சுற்றிக் குழலில் இறுக்கும் துணி வில்லையோடு. இரண்டாவது அடி குடைந்த நீளக் குண்டு, 27 மில்லிமீட்டர் நீளம், ஏறத்தாழ 33 கிராம். மூன்றாவது அதே அச்சில் குடைவுக்கான முளையை எடுத்துவிட்டு வார்த்த கெட்டிக் குண்டு. நீளம் அதேதான், எடை 38 கிராம். நான்காவது அடி குடைந்த குட்டைக் குண்டு, 17 மில்லிமீட்டர், மூக்கு தட்டையானது, 24 கிராம். நீளக் குண்டுகளின் விட்டம் 14.65 மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். குழலைவிட மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு சிறியது. மருந்தின் அளவை மாமா வழக்கமாக வைப்பதற்கு மேல் ஒருபோதும் கூட்டவில்லை, எந்தக் குண்டுக்கும் மாற்றவும் இல்லை. பழைய குழலில் மருந்தை ஏற்றிக் குண்டைச் சரிசெய்யப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். அப்படி ஏற்றினாலும் பாவாடை கிழிந்து பிசிறும், குண்டு தறிகெட்டுப் போகும், அவ்வளவே.

சுடுதளத்தில் 50 மீட்டரில் அட்டை, அதன் பின்னால் மணல் மூட்டைகள். ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று விட்டுத் துடைத்தோம். சித்திரை வெயிலில் கருமருந்துக் கரி குழலுக்குள் பொருக்காகக் காய்ந்துவிடுகிறது; துடைக்காவிட்டால் அடுத்த குண்டு பாதி வழியிலேயே நின்றுவிடும். குண்டு முழுதாக இறங்காமல் மருந்துக்கும் அதற்கும் இடையே வெற்றிடம் இருக்கும்படி சுட்டால் குழல் வீங்கவோ வெடிக்கவோ கூடும் என்பதால், கம்பியில் போட்ட கோடு ஒவ்வொரு முறையும் வாய்க்கு நேரே வந்ததா என்று பார்ப்பதை மாமா ஒரு சடங்கைப் போலக் கடைப்பிடித்தார். குண்டுக்குப் பூசியது தேன்மெழுகும் ஆமணக்கெண்ணெயும் சேர்த்த களிம்பு. தருமபுரிப் பக்கத்துச் செக்கில் ஆட்டிய எண்ணெய் இந்த வெயிலிலும் வழிந்தோடவில்லை.

உருண்டை, எதிர்பார்த்தபடியே, வட்டத் துளைகளாக ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியது. அளந்தால் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். முறுக்கு தளர்ந்ததால் உருண்டைக்கு அது இயல்பான வீடு.

கெட்டிக் குண்டுதான் பாடம் சொன்னது. அட்டையில் விழுந்த துளைகள் வட்டமாக இல்லை. ஒன்று சாவித்துளை போல நீண்டிருந்தது, அதன் பக்கவாட்டு விளிம்பில் குண்டின் மூன்று வளையக் கோடுகளும் அச்சாகப் பதிந்திருந்தன. குண்டு முழுப் பக்கத்தையும் காட்டிக்கொண்டு படுத்தவாக்கில் அட்டையைக் கடந்திருக்கிறது. மற்றவை அட்டையின் ஓரங்களுக்குச் சிதறின, சில அட்டையைத் தொடவே இல்லை. மணலிலிருந்து பொறுக்கியெடுத்த கெட்டிக் குண்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, உடலில் மேடுகள் பதித்த தடம் மங்கலாகவும், சில இடங்களில் சாய்வாக இல்லாமல் நேர்க்கோடாகவும் தெரிந்தது. குண்டு பள்ளத்தைச் சரியாகப் பற்றவே இல்லை.

அப்படியென்றால் குற்றம் நீளத்தின் மேலா, பற்றாததன் மேலா? இதைப் பிரித்துப் பார்க்காமல் முறுக்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதற்காக அதே கெட்டிக் குண்டுக்கு மெல்லிய காகிதம் சுற்றி, குழலில் இறுக்கமாக இறங்கும்படி செய்து சுட்டோம். பிரிட்சட் குண்டும் முதலில் காகிதம் சுற்றித்தான் வந்தது. 1857-இல் கொழுப்புத் தடவிய காகிதம் என்று பெரும் கொந்தளிப்பை எழுப்பியது அதுவே. காகிதம் சுற்றிய கெட்டிக் குண்டில் மேடுகளின் தடம் சாய்வாக, ஒழுங்காகப் பதிந்தது. பற்றிக்கொண்டது என்பதில் ஐயமில்லை. 25 மீட்டரில் துளைகள் வட்டத்துக்கு நெருங்கி வந்தன. 50 மீட்டரில் மறுபடி முட்டை வடிவம். சுழன்றது, ஆனால் அந்த நீளத்துக்கு அந்தச் சுழற்சி போதவில்லை. ஒன்றுக்கு 78 என்ற முறுக்கில் 27 மில்லிமீட்டர் கெட்டி ஈயம் நிற்காது என்பதை இதற்குமேல் தெளிவாகக் காட்ட முடியாது.

அதே நீளத்தில் அடி குடைந்த மென்மையான குண்டு, வட்டத் துளைகளோடு 15 சென்டிமீட்டருக்குள் அடங்கியது. கணக்குக்கு மாறாக அது நிற்பதற்குக் குடைவுதான் காரணம் என்பதை கெட்டிக் குண்டு ஏற்கெனவே சொல்லிவிட்டது. பொறுக்கியெடுத்த குண்டின் பாவாடையில் மூன்று புடைப்புகள் கூர்மையாகப் பதிந்திருந்தன. சாதாரண மைக்ரோமீட்டரால் அவற்றை அளக்க முடியாது. மூன்று புடைப்பு இருக்கும்போது ஒன்றின் எதிரே இன்னொன்று வராது, எப்போதும் ஒரு தாழ்வுதான் வரும். மூன்று வெட்டு ரீமரை (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) அளக்க டூல் ரூமில் வைத்திருக்கும் வி வடிவத் தாங்கி கொண்ட மைக்ரோமீட்டர் இதற்கென்றே பிறந்தது போல வேலை செய்தது. அளவு 14.93 மில்லிமீட்டர். வாய்ப்பக்கத்தில் பள்ளத்தின் ஆழம் எவ்வளவு என்பதும் இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது: ஒரு பக்கத்துக்கு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.12 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். சக்கர ஈயத்தில் வார்த்த அதே குண்டில் புடைப்புகள் தேடினால்தான் தெரிந்தன. அதன் துளைகளில் பாதி முட்டை வடிவம்.

நான்காவது, அந்தக் குட்டைக் குண்டு, எல்லாவற்றையும் முந்தியது. 9 சென்டிமீட்டருக்குள் அடங்கியது. துளைகள் பஞ்ச் வைத்து அடித்தாற்போல வட்டம். நீளம் கிரீன்ஹில் எல்லையை ஒட்டி, அடியும் குடைந்தது, பாவாடை உருண்டையைவிட உறுதியாகப் பள்ளத்தைப் பற்றுகிறது. இந்தக் குழலுக்கு இதுவே பொருத்தம் என்பது என் முடிவு. தட்டை மூக்கு நெடுந்தூரத்தில் வேகத்தை விரைவில் இழக்கும் என்பது உண்மை. 100 மீட்டருக்கு மேல் போகாதவருக்கு அது ஒரு குறையே அல்ல.

மாமா இன்னும் உருண்டையைத்தான் சுடுகிறார். ஈயம் குறைவாகச் செலவாகிறது, துணி வில்லை குழலைத் தானே துடைத்துக்கொண்டு போகிறது, தாத்தா விட்டுப்போன அச்சு அதற்குத்தான் என்பவை அவர் சொல்லும் காரணங்கள். முதல் இரண்டும் சரியான காரணங்கள்தான். உரிமப் புத்தகத்தோடு வைத்திருக்கும் அட்டையில் முறுக்கு 78, உள்விட்டம் 14.68, பள்ள விட்டம் 14.93, ஈயம் மென்மையானது மட்டும், குட்டைக் குண்டு 17 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்து இந்த உரிமத்தை ஏற்கப் போகிறவருக்கு அச்சு வாங்கும் முன் அந்த எண்கள் தேவைப்படும்.